அக்கா பேருக்கு விழுந்த சீட்டு

படகுத்துறையில் அந்த அக்கா இடித்துப் பிடித்து ஏறி நான் பார்த்ததே இல்லை. பழவேற்காட்டிலிருந்து ஏரிக்குள் இருக்கும் தீவு ஊர்களுக்குப் போகும் படகு வந்து நின்றால், கூடையும் குடமும் கைக்குழந்தையுமாக எல்லோரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடுவார்கள். மீஞ்சூரில் மின்சார ரயிலேறிப் பழகிய நானும் சளைக்காமல் ஓடுவேன். அக்கா மட்டும் காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரையிலேயே நிற்பார். தனக்கு முன்னால் வந்தவர்கள் யார் யார் என்று மனசுக்குள் ஒரு வரிசை வைத்திருப்பார். அவர்கள் அத்தனை பேரும் ஏறின பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பார். அதற்குள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

"இன்னாக்கா, ஏறலியா? எடம் ரொம்பிடுச்சே" என்று படகிலிருந்து யாராவது கேட்பார்கள்.

"நீங்க போங்கம்மா. நான் அடுத்த ஓட்டத்துல வரேன்."

அடுத்த ஓட்டம் எப்போது என்று படகுக்காரருக்கே தெரியாது. அக்கா நிற்பார். முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "உங்க முறை இந்தப் படகுலயே வந்துடுச்சுக்கா, நீங்கதான் விட்டுட்டீங்க" என்று ஒரு நாள் படகில் இருந்தபடியே கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அங்கேயே நின்றார்.

அக்கா இருந்த தீவு ஊருக்கு நான் போனது ஒரு தலைவலி மாத்திரையைத் தூக்கிக்கொண்டு. சாதாரணத் தலைவலிக்குப் புதிதாக ஒரு மாத்திரை வரப்போகிறது. அது நிஜமாகவே கேட்கிறதா, இல்லை மாத்திரை போட்டுக்கொண்டோம் என்ற தெம்பிலேயே வலி போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. டப்பாவின் மேல் ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும்.

தலைவலி வந்தால் ஒன்றைப் போட்டுக்கொண்டு எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் கழித்து நான் கூப்பிட்டு, வலி போயிடுச்சா, குறைஞ்சிருக்கா, அப்படியே இருக்கா, அதிகமாயிடுச்சா என்று கேட்டு, போனில் அதற்குரிய கட்டத்தை அழுத்துவேன். இதுதான் என் உத்தியோகம். ஒற்றைத் தலைவலி, பிரஷர், கண் கோளாறு என்று பெரிய காரணம் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது. வெயிலில் நடந்து, தூக்கம் கெட்டு, பிள்ளைகளிடம் கத்திக் கத்தி வருகிற தலைவலிதான் எங்களுக்கு வேண்டும். ஊர் முழுக்க அது தாராளமாக இருந்தது.

ஊரில் எனக்குத் தலைவலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் படகிலிருந்து இறங்கும்போதே, "அதோ தலைவலி வருதுடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அக்கா மட்டும் என்னை "மாத்திர" என்று கூப்பிடுவார். "வா மாத்திர, நாஸ்தா ஆச்சா?" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

போனில் கேட்டால் பாதிப் பேர், "பரவால்லமா" என்பார்கள். பரவால்லவுக்கு என் போனில் கட்டம் கிடையாது. மீதிப் பேர், இவ்வளவு தூரம் படகேறி வந்து கொடுத்த பெண்ணின் மனசு நோகக் கூடாதே என்று, "சூப்பரா போயிடுச்சு" என்பார்கள், பின்னாலேயே "ஐயோ தலை வெடிக்குதே" என்று அவர்களே யாரிடமோ சொல்வதும் கேட்கும். அக்கா ஒருவர்தான் என்னிடம் ஒரு முறைகூட ஏற்றியோ இறக்கியோ சொன்னதில்லை. "அப்படியேதான் கீது மாத்திர" என்று நிதானமாகச் சொல்வார். எனக்குச் சங்கடமாக இருக்குமே என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. என் போன் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் திரும்பக் கூப்பிட மாட்டார். கேட்டால், "அவங்க முன்னாடி பேசிக்கினு இருந்தாங்க இல்ல" என்பார்.

அவருக்குத் தலைவலி வந்ததில் ஆச்சரியமே இல்லை. விடிந்ததும் படகுகள் கரைக்கு வரும்போது மீன் வாங்கும் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். அக்கா தள்ளி நிற்பார். நண்டும் இறாலும் மடவையும் போன பிறகு பொடி மீன்தான் அவருக்கு மிஞ்சும். பொடி மீன் சீக்கிரம் விற்காது. அதனால் மற்றவர்கள் வீடு திரும்பின பிறகும் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுத் தெருக்களில் உச்சி வெயிலில் அலைவார். எங்கள் விதிப்படி மிகச் சரியான, மிகச் சாதாரணமான தலைவலி.

அவர் எப்படி இப்படி ஆனார் என்பதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டுக்காரி. வாய் ஓயாத பெண். தலைவலி ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு தனக்குத் தலைவலியே வரவில்லையே என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

அவள் அதைச் சொல்வதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. ஒரு காலையில் பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் அன்னக்கூடை. அதில் மீன் இல்லை, மீன் இருந்த ஈரமும் இல்லை. பஸ் ஏறுகிற மாதிரியும் தெரியவில்லை.

"மீன் கிடைக்கலியாக்கா?"

"இன்னிக்கு எடுக்கல."

"அப்போ இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான். நீ போ, உன் படகு போயிடும்."

ஊருக்குப் போனால் கோயில் முன்னால் ஆண்கள் கூட்டம். பாடு சீட்டுப் போடுகிற நாள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே போய் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் யார் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். சீட்டில் விழுந்த இடத்தோடு முடிவதில்லை. இன்று நல்ல இடத்தில் வலை கட்டினவர் நாளைக்கு அடுத்த இடத்துக்குத் தள்ளிப் போக வேண்டும். சேற்றுமேடு விழுந்தவருக்கும் சுற்றிச் சுற்றி நல்ல இடம் வந்தே தீரும். இதற்குத்தான் பாடு என்று பெயர். வீட்டுக்கு ஓர் ஆண் பேர் சீட்டில் இருக்கும்.

அக்கா வீட்டில் அந்தப் பேர் இல்லை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. அதோடு அந்த வீட்டின் பாடும் போயிற்று. யாரும் சண்டை போட்டுப் பிடுங்கவில்லை. அடுத்த சீட்டில் அந்தப் பேர் இல்லை, அவ்வளவுதான்.

"அதுலேர்ந்து சீட்டு போடற அன்னிக்கு இது ஊர்ல இருக்காது. மீனு இல்லாட்டிகூட காலிக் கூடய தூக்கிக்கினு டவுனுக்குப் போயிடும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "புயலுக்கு அரிசி குடுத்தாங்க, வூட்டுக்கு ஒரு மூட்ட. பட்டியல்ல இது பேரு வுட்டுப் போச்சு. நான் என்னுதுல பாதி கொண்டும் போய் குடுத்தேன். என் பேர்ல வரலயேன்னு திருப்பிக் குடுத்துடுச்சு. எனுக்கு வந்த கோவத்துக்கு அந்த அரிசிய ஏரில கொட்டிடலாம்னு இருந்துச்சு."

அந்தக் கோபம் எனக்கும் தெரியும். பொன்னேரியிலிருந்து அவருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போனேன் ஒரு தடவை. "எல்லாருக்கும் வாங்கினியா?" என்றார். உங்களுக்கு மட்டும்தான் என்றேன். உடனே வரிசையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று அனுப்பினார். தனக்கு என்று நின்றது சீப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிப் பழம். அதையும் பாதி பிட்டு என் கையில் கொடுத்தார். ஆசையாக ஒன்று கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷி என்று படகு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான், அவர் ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று கேட்ட கேள்விக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. அந்த வரிசை வீட்டுப் பெண்களை உட்கார வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். மருந்தா மாவா என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்று சொன்னதும், கடைசியில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தார்.

"பொம்பளைங்க பேருமா சீட்டுல போடுவாங்க?"

"ஆமாக்கா, சேர்ற எல்லார் பேரும்தான்."

"தனியா இருக்கறவங்க பேரு?"

"எல்லார் பேரும்தான்."

எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குளித்து, மடிப்புக் கலையாத ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, தன் முறை வரும்வரை நின்று, கையெழுத்துப் போட்டார். தலைவலி மாத்திரை சோதனைக்கு அப்படி உடுத்திக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கேட்டார். "என் பேருக்கு எது விழுந்துச்சுன்னு எப்ப தெரியும்?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் பிரிப்பாங்கக்கா. அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"பிரிச்சதும் வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"மறந்துடாத." கொஞ்சம் யோசித்தார். "இப்ப விழுந்தத எப்ப மாத்தி வுடுவாங்க?"

"மாத்த மாட்டாங்கக்கா. கடைசி வரைக்கும் அதேதான்."

"மாவு விழுந்தவங்களுக்குக் கடைசி வரைக்கும் மாவா?"

"ஆமாக்கா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை. விவரம் தெரியாத சின்னப் பெண்ணை ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு மாற்றம் தெரிந்தது. வரிசையின் கடைசி வீடு அக்காவுடையது. அதற்கப்பால் வேலிக்காத்தான் முள்ளும் ஏரியும்தான். அந்த வீட்டு வாசலில் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது போனால் நாலைந்து பெண்கள் அங்கே இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி அக்காவின் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அக்காவுக்கு ஈர்கொல்லியால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாத்திரை கேட்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை அழுத்துவதற்கும் என் போனில் கட்டம் இல்லை.

பாதிக் காலம் முடிந்ததும் எல்லோருடைய டப்பாவையும் வாங்கி, மீதி மாத்திரையைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. முதலில் எதிர்வீட்டுக்காரியின் டப்பாவை வாங்கினேன். மேலே ஒட்டியிருந்த எண் அவளுடையது இல்லை, வேறு யாருடையதோ. தவறி மாறியிருக்கும் என்று அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் வேறு எண். அதற்கடுத்த வீட்டிலும். டப்பாவோடு எதிர்வீட்டுக்காரியிடம் திரும்பி ஓடினேன்.

"யாருது இது? உங்க டப்பா எங்க?"

"என்னுது இப்ப நாலு வூடு தள்ளிப் போயிருக்கும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி, ஏதோ தெருவில் விளையாடப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "இந்த அமாவாசைக்கு எங்களுக்கு இதான் பாடு."

"என்னது?"

"பாடு. அமாவாசைக்கு அமாவாசை ஒரு வூடு தள்ளித் தள்ளி மாத்திக்கினு வரோம். அக்காதான் நடத்துது."

யாரும் எதையும் ஒளிக்கவில்லை. நான் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சீட்டுப் போட்டால் அப்புறம் திருப்பிவிட வேண்டும். அதைக்கூட ஆபீஸ்காரர்கள் மறந்துவிட்டார்களே என்று இவர்களே செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அமாவாசைச் சாயங்காலமும் அக்கா வாசலில் கூடி, டப்பாக்களை வரிசையாக வைத்து, ஆளுக்கு ஒரு வீடு கிழக்கே நகர்த்தி, கடைசி வீட்டு டப்பாவை முதல் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் சண்டையில்லை, சச்சரவில்லை. ஆண்கள் இவ்வளவு ஒழுங்காகப் பாடு நடத்தினதில்லை என்று எதிர்வீட்டுக்காரி பெருமையாகச் சொன்னாள்.

"மாத்திரைய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே!" என்று கத்தினேன்.

அக்கா வந்து நின்றார். "குடுக்கலியே மாத்திர. குடுத்தா அது அவங்களுதாயிடும். இது முறையில்ல?"

அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிட்டேன். சென்னையில் இருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். சொல்லி முடித்ததும், எத்தனை வீடு, எத்தனை அமாவாசை என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தலைவலி வந்திருக்கும். எங்கள் ஆராய்ச்சியில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய தலைவலி. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். தன் முறைக்கு நிற்காமல் அவர் ஒன்றைச் செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சார், நான்தான் மாத்தி வுட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. மாவு விழுந்தவ கடைசி வரைக்கும் மாவையே துன்னா அது இன்னா நாயம் சார்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேலாளர் பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா நாளைக்கு இந்த மாத்திரைய எங்கெங்கேயோ இருக்கறவங்க எங்க பேச்ச நம்பிப் போடுவாங்கம்மா. யார் எதப் போட்டாங்கன்னே தெரியாம, இது கேக்குது, இது கேக்கலன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

அக்கா யோசித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப எங்க ஊர வுட்டுடுவீங்களா?"

"விட்டுத்தான்மா ஆகணும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

டப்பாக்களைத் திரும்ப வாங்க அடுத்த வாரம் போனேன். அக்காவின் வாசலில் யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரி தன் வாசலிலேயே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இரவல் வாங்கியிருந்த முறமும் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. ஒரு ஊர் மொத்தத்தையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றதும் ஆண்கள் இதைப் பெரிய பேச்சாக்கியிருக்கிறார்கள். பொம்பளைங்க பாடு நடத்தின லட்சணத்தைப் பார் என்று கோயில் முன்னால் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பெண்கள் அப்படியே கொண்டுவந்து அக்காவின் தலையில் கொட்டிவிட்டார்கள்.

"நாங்க பாட்டுக்கு இருந்தோம். இதுதான் ஏத்தி வுட்டுச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி, அந்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அரிசியில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனவளும் இவள்தான். எனக்கு அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அக்காவின் டப்பாவைக் கடைசியாகத்தான் வாங்கினேன். முதலில் அவரிடம் போயிருந்தால், மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார். பின்கட்டில் உட்கார்ந்து பொடி மீனைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கும்போது என் பேரு அதுல இருக்குமா?"

"எடுத்துடுவாங்கக்கா. நம்ம ஊர் பேரே இருக்காது."

"பேர எடுத்தாலும் அன்னிக்கு விழுந்தது விழுந்தது தான?"

"விழுந்ததுதான்."

"நான் மாத்தி வுட்டதுக்கு முன்னாடி மொத மொதல்ல என் பேருக்கு இன்னா வந்துச்சோ, அது. அத்த மட்டும் சொல்லு." கையில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டார். "எங்க நைனா பேருக்கு விழுந்திருக்கு. எங்க வூட்டுக்காரர் பேருக்கு விழுந்திருக்கு. என் பேருக்கு இது ஒண்ணுதான்."

சொல்கிறேன் என்றேன்.

அந்த வேலை முடிந்து மீஞ்சூரிலேயே ஒரு பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ரத்தம் எடுப்பது, ரிசல்ட் கொடுப்பது. அங்கே வருகிறவர்கள் வரிசையில் முண்டும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வரும். ஒரு நாள் பழைய மேலாளரைக் கூப்பிட்டேன். ஆராய்ச்சி முடிந்து சீட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றார். அக்காவின் எண்ணைச் சொன்னேன்.

"அந்த ஊரா? அத நாம எடுத்துக்கவே இல்லயேம்மா. யாருக்கு வேணும் இப்போ?"

"ஒருத்தங்களுக்கு வேணும் சார்."

அவர் தேடிப் பார்த்துச் சொன்னார். மாவு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. படகில் உட்கார்ந்து வழி நெடுக ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துதான் விழுந்தது அக்கா, முதல் சீட்டே உங்களுக்கு நல்லது என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? சரிபார்க்கப் போகிறவர் யார்? சொல்லவும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மனுஷி எனக்காக ஒரு நாளாவது, குறைஞ்சிருக்கு என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் எப்படி அளப்பது?

ஊரில் யாரும், "தலைவலி வருதுடி" என்று குரல் கொடுக்கவில்லை. என்னை அடையாளம் தெரியவில்லையோ என்னவோ. அக்கா வீட்டு வாசல் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை. பின்கட்டுக்குப் போனேன். பொடி மீன் காய்ந்துகொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பிரிச்சுட்டாங்களா?"

வா, சாப்பிட்டியா, எப்படி இருக்கே, எதுவும் இல்லை. நேராக அதுதான்.

"பிரிச்சுட்டாங்கக்கா. மாவுக்கா. உங்க பேருக்கு மாவுதான் விழுந்துச்சு."

காக்காய் ஒன்று இறங்கி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் அதை விரட்டவில்லை. நான் பொய்யே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"விழட்டும். மொத சீட்டுலயே யாருக்கு நல்ல எடம் விழுது? எங்க வூட்டுக்காரருக்கு மொத வருசம் சேத்துமேடுதான். வல பூரா சேறு, இறாலே இல்ல. ஊரே சிரிச்சுது. அப்பால தள்ளிப் போயி நல்ல எடம் வந்துச்சு இல்ல?" அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "எனுக்கும் கெட்டது வந்து போயிடுச்சு. இனி வர்றது நல்லதுதான். அதான முறை?"

இனிமேல் எதுவும் வராது, ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அப்படி ஒரு அடுத்த முறையே கிடையாது என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க உப்பு.

"அடுத்த சீட்டு என்னிக்குப் போடுவாங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு மாத்திர. அன்னிக்கு நான் டவுனுக்குப் போவாம வூட்லயே இருக்கேன்."